பீட மாற்றமும் இடைநிலப் பிரச்சினையும்

பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடந்து அண்ணாமலையை வலம் வந்த முழங்கால்கள், 78-ஆம் வயதில், வீட்டுக் கழிப்பறையில் குந்தி எழ மறுப்புத் தெரிவிக்குமாயின், அக்குடும்பத்தில் தரையோடு கிடக்கும் இந்தியப் பேன் பதவியிழப்பதும் நாற்காலி போன்ற வெஸ்டர்ன் பட்டமேறுவதும் தவிர்க்கவொண்ணாத சரித்திர நிகழ்ச்சிகளாகின்றன. திருவண்ணாமலையில் நமது இல்லத்தில், நம் அன்னையாரின் பொருட்டு அதுவே நிகழ்ந்தது. இந்த ஆட்சி மாற்றத்தில் பழைய அரசனோ புதிய அரசனோ கலகம் செய்யவில்லை. கலகம் செய்தது தரை. (கக்கூஸ் என்ற சொல் டச்சுக்காரர் தந்தது, அதனினும் சற்று மரியாதையாக இருக்கட்டுமென்று இங்கே ‘பீடம்’ என்றே வழங்குவோம்.)

பழம் பீடமானது தரைக்குள் புதைந்து, ஏறத்தாழ 23 அங்குல நீளமும் 17 அங்குல அகலமும் கொண்டு, இருபுறமும் பாதம் வைக்கும் மேடுகளோடு தாராளமாகப் படுத்திருப்பது. நவபீடமோ தரைமேல் நிற்பது. மேலே விரிந்து அடியில் ஒடுங்கியது. ஆகையால் பெரியதைப் பெயர்த்துச் சிறியதை அமர்த்துங்கால், இரண்டுக்கும் உரிமையில்லாத ஒரு நிலப்பகுதி, டைல்ஸ் இன்றி நிர்வாணமாக நின்றுவிடுகிறது. இதற்கு ‘இடைநிலம்’ என்று பெயரிட்டோம்.

இடைநிலம் தானாகவே விரியும் சுபாவமுடையது. சுவரிலிருந்து கழிவுக் குழாயின் வாய்க்கு 9 அங்குலம் கேட்கும் வெஸ்டர்னும் உண்டு, 12 அங்குலம் கேட்பதும் உண்டு. நமது குழாயோ இரண்டு கணக்குக்கும் அடங்காமல் தன் மனம்போன தூரத்தில் இருந்தது. அதை இடம் மாற்றத் தோண்டியதில் இன்னும் ஒரு வரிசை டைல்ஸ் உயிர்நீத்தது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பார், குழாயை வளைத்து அவ்வளைவில் நீரைத் தேக்கித் துர்நாற்றத்தைத் தடுக்கும் உபாயத்துக்கு 1775-இல் காப்புரிமை பெற்றார். உலகத்தின் நாசிக்கு அவர் செய்த உபகாரம் பெரிது. ஆயினும் அவ்வளைவைச் சுற்றிலும் ஒரு தரை இருக்கும் என்பதையும், அதை எவனோ ஒருவன் ஒருநாள் உடைக்க நேரும் என்பதையும் அவர் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

மேஸ்திரி உளியால் பேனின் விளிம்பைத் தட்டித் தட்டிப் பெயர்த்தபோது, அடியில் ஈர மணலும் செங்கல் துண்டுகளும் கிடந்தன. நடுவே பூட்டுத் துவாரத்தின் உருவில் ஒரு பள்ளம். அதைச் சுற்றி, மீன்போல வெளிர்பச்சை ரேகை ஓடிய, எட்டுக்கு எட்டு டைல்ஸ். உடைந்தவற்றை விரல்விட்டு எண்ணி, “பதினொண்ணு வேணும் சார்” என்றார்.

வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் ஒரு டஜன் மொட்டை மாடியில் இருந்ததாக நமக்கு ஞாபகம். தேடியதில், ஒன்று துளசித் தொட்டியின் கீழும், ஒன்று ஆட்டங்காணும் கிரைண்டரின் காலடியிலும், ஒன்று சூடான குக்கரைத் தாங்கியவாறு அடுக்களை மேடையிலும் உத்தியோகத்தில் இருந்தன. மற்றவை எங்கு போயின என்பதை இல்லத்தார் எவரும் வெளியிடவில்லை.

ஆகவே ஒரு துண்டை மஞ்சள் பையிலிட்டு வேங்கிக்கால் வரையில் அலைந்தோம். கிரிவலப் பாதையில் இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் ஈறாக எட்டு உண்டு. நாம் ஏறி இறங்கிய கடைகளும் தெய்வாதீனமாக எட்டே. எங்கும் தரிசனம் கிடைத்தது, பிரசாதம் கிடைக்கவில்லை. “கம்பெனியே நிறுத்திட்டான் சார், இப்ப எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டுதான்” என்பது பொது வாக்கு. ஆறாவது கடையில் மட்டும் அதே மீன் இருந்தது. ஆனால் நம் மீன் வெளிர்பச்சை, அது சாம்பல். பெட்டிக்குப் பெட்டி ‘ஷேட்’ எண் அச்சிடுவதன் காரணத்தை அன்றுதான் உணர்ந்தோம்: ஒரே மண்ணும் ஒரே மெருகுமேயாயினும், சூளையின் ஒரு நாளையச் சூடு மறுநாளையச் சூடு ஆகாது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்த இவ்வூர்க் கோயிலின் 217 அடி இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவனுக்கு, ஒருவர் பணி எங்கே நின்றது, மற்றவர் பணி எங்கே தொடங்கிற்று என்பது புலப்படுவதில்லை. அரசர்களின் சாமர்த்தியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கருங்கல் அவர்களுக்கு மறுபடியும் கிடைத்தது. பாறை தன் மாதிரியை நிறுத்துவதில்லை. குஜராத்தின் மோர்பிச் சூளைகள் நிறுத்துகின்றன.

மிதியடி போட்டு மூடலாம் என்பது அண்டை வீட்டார் கட்சி. ஈர அறையில் மிதியடி மூன்றாம் நாள் நாறும் என்பதால் அதனை ஆராயாமலே தள்ளினோம். சாம்பல் மீனையே ஒட்டிவிடலாம் என்பது நம்முடைய சபலம். மேஸ்திரிதான் தீர்ப்புச் சொன்னார்: “ஒத்துப்போற மாதிரி போட்டா, ஒத்துப்போகாதது மட்டும்தான் சார் கண்ணுல படும். சதுரமா வெட்டி, கடப்பாக் கல்லுல ஒரு கட்டு கட்டிடறேன்.”

அன்னையார் வாசலில் நின்று, “ஏம்ப்பா, வழுக்காதே?” என்றார்.

“வழுக்காதும்மா. பாலிஷ் போடாத கல்லு.”

அவ்வாறே உடைந்த ஓரங்களையெல்லாம் கட்டிங் மிஷினால் நேராக்கி, ரசமட்டம் வைத்து, வாட்டம் கெடாமல் கறுப்புச் சதுரமொன்று பதிக்கப்பட்டது. நவபீடம் அதன் நடுவே வெள்ளைச் சிமெண்டில் அமர்ந்தது. (மூலவரைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தனம் இங்கு நினைவுக்கு வருகிறது; ஒப்பிடுவது அபசாரமாதலின் ஒப்பிடவில்லை.) வந்தவர்கள் அதனை ஆதிமுதலே திட்டமிட்ட அலங்காரமென்று கருதுகின்றனர், நாமும் மறுப்பதில்லை.

மிஞ்சிய மூன்று கடப்பாத் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே விவரம் எழுதி, பரணில் பத்திரப்படுத்தினோம். இதை எழுதும் இன்று, அவற்றுள் ஒன்று துளசித் தொட்டியின் கீழ் இருக்கிறது.