மூன்றாம் கிரேடு ஆற்றில் மானத்தோடு மிதப்பது எப்படி?

முதலில் ஒரு வாட்ஸ்ஆப் குரூப் தொடங்குங்கள். பதினான்கு பேர் 'நான் ரெடி' என்பார்கள். ஆறு பேருக்கு மட்டும் ராஃப்ட் சொல்லி வையுங்கள். ரயிலேறும்போது ஐந்து பேர் இருப்பீர்கள்.

ஆறு எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ரிஷிகேஷ் என்று முடித்துவிடுங்கள். வீட்டில் கங்கா ஸ்நானம் என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் ஆகாது. ஆற்றின் முரட்டுத்தனத்தை 1 முதல் 6 வரை கிரேடு போட்டு வைத்திருக்கிறார்கள். 1 என்பது நம்மூர் வாய்க்கால். 6-க்கு உயில் எழுதிவிட்டுப் போக வேண்டும். சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 16 கி.மீ., பெரும்பாலும் 3-ஐ ஒட்டியே ஓடும். மேலே கௌடியாலா பக்கம் 'தி வால்' என்று இன்னும் முரட்டுத்தனமாகச் சீறும் ரேப்பிட் ஒன்று இருக்கிறது. ஆபீஸில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். போவது சிவபுரிக்கே இருக்கட்டும்.

மாதம் முக்கியம். தண்ணீர் ஏறினால் அதே பாறை, அதே வளைவு வேறு கிரேடுக்குப் போய்விடும். ஜூலை, ஆகஸ்டில் கங்கை பெருகி ஓடுவதால் ராஃப்டிங்கையே நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு லீவு அப்போதுதான் கிடைக்கும்.

ஜீன்ஸ் அவசியம். நனைந்தால் நாலு கிலோ கூடும், நாள் முழுக்கக் காயாது, போட்டோவில் மட்டும் நன்றாக இருக்கும். லைஃப் ஜாக்கெட்டை, காலையில் சாப்பிட்ட மூன்று ஆலு பராத்தாவுக்கு இடம் விட்டு லூசாக மாட்டுங்கள். கைடு வந்து தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுப்பார். ஜாக்கெட் காதுவரை வந்துவிடும். அப்புறம் அவரே ஒவ்வொரு வாராக இழுத்துக் கட்டுவார். மூச்சு விடுவது இனி உங்கள் சாமர்த்தியம்.

துடுப்பின் மேல்நுனியில் 'டி' வடிவத்தில் ஒரு பிடி உண்டு. உள்ளங்கையால் அதை மூடியே வைத்திருக்கச் சொல்வார்கள். கையை எடுத்தால் அடுத்த அலையில் அது பக்கத்து ஆளின் முன்பல்லைத் தேடிப் போகும். ஆகவே, போன தீபாவளிக்கு வாங்கிய கடனை இன்னும் திருப்பித் தராத நண்பரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று ரேப்பிட்களுக்குப் பெயர். பெயரை நம்பி உள்ளே போனதும் கைடு 'ஃபார்வர்ட்!' என்று கத்துவார். நாம் துடுப்பைத் தூக்கிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவோம். உண்மையில் துடுப்பு தண்ணீரில் இறங்கி இழுத்தால்தான் ஆளும் நிலையாக உட்கார முடியும். இது கரையில் நிற்கும்போது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

விழுந்தால்? இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரிந்தாலும் விடக்கூடாது. முழங்காலளவுத் தண்ணீர் என்றால் இன்னும் விடக்கூடாது. எழுந்து நிற்கப் பார்த்தால் கால் பாறை இடுக்கில் மாட்டும், பின்னாலிருந்து ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கும். மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் ஓட்டம் போகும் பக்கமாக நீட்டி, கட்டைவிரல் வெளியே தெரிய மிதக்க வேண்டும். கயிறு வீசினால் பிடித்து மார்போடு வைத்துக்கொள்ள வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. 'எங்க ஊர்க் கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டவன் நான்' என்று வழியெல்லாம் சொல்லி வந்தவர்தான் முதலில் எழுந்து நிற்கப் பார்ப்பார். அவரைக் கைடின் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

கரையேறியதும் ஹெல்மெட் கேமரா வீடியோவுக்குத் தனிக் காசு கேட்பார்கள். பேரம் பேசி வாங்கிவிடுங்கள். கோல்ஃப் கோர்ஸில் ஐந்து துடுப்புகளும் ஆகாயத்தைக் காட்டிக்கொண்டிருக்க, கடைசியில் உட்கார்ந்து கைடு ஒருவர் மட்டும் வலித்துக்கொண்டிருப்பார். குரூப்பில் போடுவதற்கு முன் அந்தப் பின்பக்கத்தை மட்டும் வெட்டிவிடுங்கள்.