எழுபது எண்ணினவனுக்குப் பதினாலு தெரியுமா?

ஏங்கண்ணு, பெங்களூர்ல இருந்து கூட்டாளிகளைக் கூட்டியாந்து கொல்லிமலை ஏறப் போறயாமா? நல்ல காரியம். பரமத்தி வேலூர்ல பொறந்துபோட்டு காவேரியையும் வெத்தலைக் கொடிக்காலையுமே பாத்துப் பாத்துச் சலிச்சிருக்கும். போயிட்டு வா. அதுக்கு முன்னால, ஒரு மலைக்குப் போயும் அதைப் பாக்காம திரும்பி வர்ற வித்தையை உனக்குச் சொல்லிக் குடுத்தர்றேன். நம்ம பக்கத்துல இருந்து போறவங்க முக்காவாசிப் பேரு இந்தப் படிப்புல தேறினவங்கதான்.

மொதல் பாடம், வளைவு எண்றது. நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினா காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு போறதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு நம்பர் போட்டுப் பலகை நட்டிருக்காங்க. கணக்கு வராதவனும் தப்ப முடியாது. ஒவ்வொரு பலகைக்கும் எறங்கி நின்னு போட்டோ புடிச்சுக்கோ. பின்னால பலாப்பழம் ஏத்தின வண்டிக்காரன் ஆரன் அடிச்சா அடிக்கட்டும். மேலேறி வர்ற வண்டிக்கு வழி விடறதெல்லாம் உங்கப்பன் காலத்து மரியாதை. நாப்பதாவது வளைவுல வயிறு பெரட்டினா ரோட்டைத் திட்டு. பொறப்படறப்ப நாமக்கல்ல நிறுத்தித் தின்ன பரோட்டாவை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிப்போடாதே.

ரெண்டாம் பாடம், செம்மேடு. அங்க வல்வில் ஓரி சிலையா குதிரை மேல ஏறி நிப்பான். இந்த மலையை ஆண்டவன், கடையெழு வள்ளல்ல ஒருத்தன். ஒரே அம்பு விட்டான், யானை, புலி, மான், காட்டுப்பன்னி, புத்துக்குள்ள இருந்த உடும்பு வரைக்கும் போயிக் குத்திச்சுன்னு வன்பரணர் புறநானூத்துல பாடியிருக்காரு. அம்பு விட்டவன் தன் பேரைக்கூடச் சொல்லலையாமா. பாணனுங்க கண்டுபுடிச்சுப் புகழ்ந்தப்ப வெக்கப்பட்டு நின்னவன், மான் கறியும் தேறலும் தன் மலைப் பொன்னும் அள்ளிக் குடுத்து அனுப்பிச்சானாம். நீ அப்படியெல்லாம் இருந்துராதே கண்ணு. சிலைக்கு முன்னால நின்னு ஒன்னும் எய்யாமலே முப்பது போட்டோ போட்டு, "ஓரி மண்ணில் நான்"னு எழுதிவிடு. வெக்கம் அவனோட போகட்டும்.

அவன் கதை எப்படி முடிஞ்சுதுன்னு கேக்கறயா? திருமுடிக்காரிங்கற இன்னொரு மன்னன் வந்து ஓரியைக் கொன்னு, மலையைத் தூக்கிச் சேரன் கையில குடுத்தான். மலையில இருந்தவங்களை ஆரும் ஒரு வார்த்தை கேக்கலை. 1997 ஜனவரி 1-ந் தேதி நாமக்கல் தனி மாவட்டம் ஆச்சு. அதுல இருந்து நாமளும் "எங்க கொல்லிமலை"ன்னு மார்தட்டறோம். மேல இருக்கறவங்களை நாம மட்டும் கேட்டோமா என்ன?

மூணாவது, ஆகாய கங்கை. முன்னூறு அடி ஒசரத்துல இருந்து ஐயாறு விழுகுது. ஆயிரத்துச் சொச்சம் படி எறங்கணும். எறங்கறப்ப உங்க கூட்டாளிக பாடிட்டே போவாங்க. ஏர்றப்ப ஒருத்தனுக்கும் சத்தம் வராது. அந்த ஒரு சோலிக்காகவே உங்களை நான் அங்க அனுப்பலாம். இவ்வளவு படி ஆவாதுன்னா மாசிலா அருவி, நம்மருவி இருக்கு. வாசலூர்பட்டியில படகும் விடறாங்க. சீக்குப்பாறையில நின்னா கீழ சமவெளி தெரியும். சங்கப் பாட்டுல கொல்லிப்பாவைன்னு ஒரு பதுமை வரும். தெய்வம் பண்ணிவச்சது, பாத்தவனைச் சிரிச்சு மயக்கியே உசிரை வாங்கிரும்பாங்க. இப்ப பாவைக்கு வேலையே இல்லை. பாறை நுனியில பின்பக்கமா அடியெடுத்து வச்சு, கைப்போனைப் பாத்து நீங்களே சிரிச்சுக்கறீங்க.

அருவிக்கு மேலயே அறப்பளீஸ்வரர் கோயில். தேவாரத்துல பேர் வர்ற இடம். உழுதப்ப ஏர் பட்டு லிங்கம் வெளிய வந்துச்சு, அந்தத் தழும்பு இன்னும் இருக்குதுன்னு சொல்லுவாங்க. அம்பலவாணக் கவிராயர் இந்தச் சாமியைக் கூப்பிட்டே ஒரு சதகம் பாடி, நூறு பாட்டுலயும் புத்திமதியா அடுக்கி வச்சிருக்காரு. நூறு பாட்டுக்கும் திருந்தாத சனம் நம்முது. நான் ஒருத்தன் சொல்லியா கேக்கப் போறீங்க.

நாலாவது பாடம்தான் பெருசு: பேரம். சோளக்காட்டுச் சந்தையில மலைவாழை, அன்னாசி, பலா, மொளகு எல்லாம் வரும். முடவாட்டுக்கால்னு ஒன்னு வச்சிருப்பாங்க, பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற பெரணியோட கிழங்கு, பாத்தா ஆட்டுக்கால் மாதிரியே மசுரோட இருக்கும். சூப்பு வச்சுக் குடிச்சா முட்டிவலி போகும்பாங்க. ஆயிரம் படி ஏறினவனுக்கு அங்கயே தேவைப்படும். காட்டு வழி அலைஞ்சு அதைச் சொரண்டிட்டு வந்த பொம்பளைகிட்ட இருபது ரூவா கொறைச்சுப்போடு. ராத்திரி தங்கற விடுதியில கேட்ட ரூவாயை அப்படியே எடுத்து வச்சிரு. அதுதான் நாகரிகம்.

அப்படியே "சாமை இல்லையா, தினை இல்லையா"ன்னு அலுத்துக்கோ. அந்தக் காட்டுல பூராவும் அதுதான் வெளைஞ்சுது. கீழ நம்ம ராசிபுரம், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு வேணும்னு ஆச்சு. கிழங்குல கையில காசு பாக்கலாம், சாமையில குத்திப் பொடைச்ச கைவலிதான் மிச்சம். அவங்க கிழங்குக்கு மாறினாங்க. அப்பறம் எம்.எஸ். சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க போயி, பழைய வெதையைக் காப்பாத்தறதுக்கும் பொம்பளைகளோட குழுக்களுக்கு அரவை மிசினு குடுத்துச் சிறுதானியத்தை விலைக்கு விக்கறதுக்கும் வருசக் கணக்குல பாடுபட்டாங்க. 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடிச்சு. விட்டுத் தொலைங்கன்னவனும் நாமதான், ஏன் விட்டீங்கன்னு கேக்கறவனும் நாமதான். நமக்கு எப்பவும் வாய் ரெண்டு.

இந்த நாலு பாடமும் படிச்சா, பொழுதோட வேலூர் வந்து சேந்தரலாம். எழுபது வளைவு பாத்தாச்சு, மலை மட்டும் பாக்கலை.

பாக்கோணும்னு நெனச்சீன்னா வேற வழி இருக்கு. எழுபதை விட்டுப்போட்டுப் பதினாலை எண்ணு. அங்க ஊராட்சி ஒவ்வொன்னும் ஒரு நாடு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடுன்னு மொத்தம் 14. நம்ம கீழ் நாட்டுல நாடுங்கறது ஓட்டுக் கேக்கறவன் வாயில மட்டும்தான் இருக்கு. அங்க மலையாளின்னு சொல்லிக்கறவங்க நெறைய. கேரளத்துக்காரங்கன்னு நெனச்சுக் கதகளி பத்தி விசாரிச்சுறாதே, தமிழ் பேசற மலைச்சனம். காஞ்சிபுரத்துல இருந்து அண்ணந் தம்பி மூணு பேரு பொறப்பட்டு வந்து, கொல்லிமலை, சேர்வராயன் மலை, பச்சைமலைன்னு ஆளுக்கொரு மலையில குடியேறினாங்கன்னு அவங்க பெரியவங்க சொல்லுவாங்க. ஏதாவது ஒரு நாட்டுல வண்டியை ஓரங்கட்டி, திண்ணையில உக்காந்து பழமை பேசு. நீ பேசறதைக் கொறைச்சுக்கிட்டாப் போதும்.

போறதுன்னா ஆடி 17, 18-ல போ. அப்பத்தான் ஓரி விழா, செம்மேடே ஆடும். ஆடி 18 காவேரியில நம்ம கூட்டத்துக்கு நீ ஒருத்தன் கொறைஞ்சா ஆத்துல தண்ணி வத்தாது.

வெறுங்கையோட போகாதே. நம்ம வேலூர் வெத்தலை ஒரு கவுளி எடுத்துக்கோ. இங்க கொடிக்கால்ல அகத்தி மேல ஏர்ற வெத்தலையும், அங்க சில்வர் ஓக் மரத்து மேல ஏர்ற மொளகும் ஒரே குடும்பத்துக் கொடி, பங்காளிக. பங்காளி வீட்டுக்குப் போறவன் வெத்தலை பாக்கோட போனா, வாசல்ல நிக்க வைக்க மாட்டாங்க. எங்க சாமை வெளையுது, ஆரு வீட்டு மொளகு காரம்னு கைப்போனு சொல்லாததை அந்தப் பெரியவங்க சொல்லுவாங்க.

வர்றப்ப எனக்குக் கால் கிலோ மொளகு. கேட்ட வெலையைக் குடு, கொறைக்காதே. காசு உன்ற காசுதான் கண்ணு. வள்ளல் ஆண்ட மலைக்குப் போயிட்டு வந்தவன் தாத்தன்கிட்டப் போயி கணக்குப் பாப்பானா?