ஐந்து பேக்கப்பும் ஒரு சித்தியும்

‘எல்லாத்துக்கும் பேக்கப் இருக்கு’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். கிட்லேப் நிறுவனத்தாரும் 2017 ஜனவரி 31 வரை அப்படித் தூங்கியவர்கள்தாம்.

உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் வேலையை நம்பி ஒப்படைத்திருந்த இடம் அது. அன்று இரவு அவர்களுடைய இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களில் ஒன்று மற்றதோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடித்தது. வெகுநேரம் மல்லுக்கட்டிய இன்ஜினியர், இரண்டாவது சர்வரை இன்னொரு முறை துடைத்துவிட்டுப் புதிதாக நகலெடுப்போம் என்று அழிக்கும் கட்டளையைத் தட்டினார். தட்டிய இடம் முதல் சர்வர். ஓரிரு நொடியில் உறைத்து நிறுத்திவிட்டார். அதற்குள் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. கம்ப்யூட்டர் மற்ற வேலைகளையும் இந்த வேகத்தில் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதனாலென்ன, ஐந்து விதமான மாற்று ஏற்பாடுகள் இருந்தனவே? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். தினமும் நகலெடுத்து அமேசான் கிடங்கில் போடுகிற ஏற்பாடு: கிடங்கு காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, நகலெடுக்கும் புரோகிராமோ 9.2. இது நம்மால் ஆகிற காரியமில்லை என்று அது தினமும் ஒதுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் குறை சொல்லக்கூடாது, ஒதுங்கும்போதெல்லாம் ஒழுங்காக மெயில் போட்டிருக்கிறது. அந்த மெயில்களுக்கு முறையான அத்தாட்சி இல்லையென்று எதிர்முனை வாசலோடு திருப்பியனுப்பிவிட்டது. சரி, வட்டையே அப்படியே படம்பிடிக்கும் ஸ்னாப்ஷாட்? கோப்பு சர்வர்களுக்குப் போட்டிருந்தார்கள். டேட்டாபேஸ் சர்வருக்குப் போடவில்லை, அதுதான் மற்ற பேக்கப்புகள் இருக்கின்றனவே! இரண்டாவது சர்வரையோ மல்லுக்கட்டும்போதே சுத்தமாகத் துடைத்தாயிற்று.

காப்பாற்றியது பேக்கப் என்றே பெயர் வைக்காத ஒன்று. ஏதோ ஒரு சோதனைக்காக, சுமார் 6 மணி நேரம் முன்னால் அதே இன்ஜினியர் கையால் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட். அழித்தவரும் அவரே, காத்தவரும் அவரே. அது கிடந்த சோதனை மெஷினின் வட்டு சோம்பேறி. திரும்ப நகலெடுக்க 18 மணி நேரம் பிடித்தது. அதையும் யூடியூபில் நேரலையாக விட்டார்கள். தேர் நிலைக்கு வருவதைப் பார்க்கிற பக்தியோடு ஒரு கட்டத்தில் 5,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். எழுதிவைத்த கோடெல்லாம் வேறு இடத்தில் இருந்ததால் பிழைத்தது. நடுவில் போன 6 மணி நேரத்து உரையாடல்கள் போனவைதாம்.

1998இல் பிக்ஸாரிலும் இதே கூத்து. யாரோ தட்டிய கட்டளையில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்து வூடியின் தொப்பி காணாமல் போனது, பிறகு பூட்ஸ், பிறகு வூடியே. டேப்பில் எடுத்துவைத்த பேக்கப் சரியில்லை. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இவ்வளவு பாடுபட்டு மீட்ட படத்தைக் கதை சரியில்லை என்று பெரும்பகுதி திரும்ப எடுத்தார்கள் என்பது தனிக்கதை.

பேக்கப் என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எவராவது தன் சொந்தத் தேவைக்கு எடுத்துப் புழங்குகிற நகல்தான் உயிரோடு இருக்கிறது. இதை நான் என் மச்சினனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“ரெண்டு டிஸ்க் மிரர் பண்ணி வெச்சிருக்கேன், அத்தான். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும்.”

வாஸ்தவம். ஆனால் மிரர் என்பது மகா விசுவாசி. ஒரு வட்டில் எழுதியதை மற்றதிலும் எழுதும்; ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழிக்கும். அவன் பையன் கேம் போட இடம் போதவில்லையென்று ‘கல்யாணம்’ என்ற ஃபோல்டரை அழித்தபோது இரண்டு வட்டுகளும் கருத்து வேறுபாடின்றி நடந்துகொண்டன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் ஆராய்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அழித்த கையோடு வட்டைத் தொடாமல் கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாமாம். பையன் அதே இடத்தின்மேல் கேமை ஏற்றி, மூன்றாவது லெவலும் தாண்டியிருந்தான்.

மச்சினன் தன் கல்யாணப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றே போட்டிருந்தான். ‘போன் ரொம்பிப்போச்சு’ என்று எல்லோரும் அழித்திருந்தார்கள், கும்பகோணத்துச் சித்தியைத் தவிர.

“உன் பொண்டாட்டி போட்டிருந்த காசுமாலை அவ்வளவு அழகுடா! பத்தர்கிட்ட காட்டணும்னு எடுத்து வெச்சேன்” என்றார் சித்தி.

நகை தெளிவாகத் தெரியட்டும் என்று ஒவ்வொரு படத்தையும் கழுத்தளவுக்கு வெட்டி வைத்திருந்தார். ஆல்பம் இப்போது மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது. தாலி கட்டுகிற படம்கூட இருக்கிறது. கட்டுகிறவன் இவன்தான் என்பதற்கு விரல் மோதிரம்தான் சாட்சி.