கட்டைவிரல் போதும்

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டியில் ஜெயிக்க விலை உயர்ந்த ஆர்கேட் ஸ்டிக் வேண்டுமாமே? என்னிடம் பழைய கன்ட்ரோலர்தான் இருக்கிறது. தோற்றுத் தோற்று மனசே விட்டுப்போச்சு.

பதில்: 2014-இல் லாஸ் வேகஸில் நடந்த ஈவோ என்ற பெரிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டியில் பிரான்ஸின் லூஃபி என்ற ஆட்டக்காரர் பட்டம் வென்றது முதல் பிளேஸ்டேஷனின் கன்ட்ரோலரை வைத்து. 1990-களின் சரக்கு! அவர் எடுத்த ரோஸும் பெரிய போட்டிகளில் அபூர்வமாகத் தலைகாட்டும் பாத்திரம். கூடம் கோணல் என்று சொல்ல அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் ஆடிக் காட்டினார்.

கருவியால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். இதே விளையாட்டின் ஸாங்கீஃப் என்ற மல்லர் பாத்திரத்தைப் பாருங்கள். கரடிகளோடு மல்லுக்கட்டி வாங்கிய தழும்புகள் உடம்பெல்லாம். கிட்டே போய்ப் பிடியில் சிக்கினால் தொலைந்தோம் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். ஆனால் அந்த ராட்சசப் பிடியைப் போட, ஏறக்குறைய ஒரு முழு வட்டம் சுற்றிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ஸ்டிக்கில் மணிக்கட்டு செய்கிற வேலையைக் கன்ட்ரோலரில் கட்டைவிரல் தனியாளாகச் செய்யும், கொப்புளமும் வரும். 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆறாம் பாகத்தின் ‘மாடர்ன்’ முறையில் சுற்றாமலே அதைப் போடலாம், அடியின் வலு கொஞ்சம் குறையும்.

தோற்ற ஆட்டத்தின் பதிவை இன்று ராத்திரியே போட்டுப் பாருங்கள். தடுக்காமல் விட்ட அடி ஒன்றே ஒன்றைக் கண்டுபிடியுங்கள். நாளைக்கு அதை மட்டும் தடுங்கள், மற்றதை வாங்கிக்கொள்ளுங்கள்.