இலவச லேப்டாப்பிலிருந்து வேற்றுக் கம்பெனி டேப்லெட்டுக்குப் பாட்டும் படமும் பெயர்தல்: திருத்தணியை முன்வைத்து ஓர் ஆய்வு

சூரபத்மனோடு பொருத சினம் முருகனுக்குத் தணிந்த தலம் திருத்தணி என்பது மரபு. ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து வேறு கம்பெனியின் டேப்லெட்டுக்குப் பாட்டு ஏற்ற முயல்பவருக்கு மூளும் சினத்தை ஆராய இதைவிடத் தக்க களம் கிடையாது.

ஆய்வுப் பொருள்கள் இரண்டு. முதலாவது, 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தின் இலவச லேப்டாப். அதில் விண்டோஸும் உண்டு, பாஸ் லினக்ஸும் உண்டு. பின்னதைத் திறந்தவர் என எவரும் நேர்காணலுக்கு முன்வரவில்லை. இரண்டாவது, அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா விட்டுப்போன ஐபேட். நடுவே வயர். வயர் இருவகைப்படும்: டேட்டா போவது, சார்ஜ் மட்டும் ஏறுவது. வீட்டில் இருப்பது எப்போதும் பின்னதே (செல்போன் கடைக்காரர், வாய்மொழி).

இத்துறையின் முதல் நிகழ்வு இம்மலையிலேயே நடந்ததை மேனாட்டு அறிஞர்கள் திட்டமிட்டு மறைத்துவிட்டனர். முத்துசுவாமி தீட்சிதர் இங்கு வந்தபோது, கிழவர் வடிவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டு போட, ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ மாயாமாளவகௌளையில் பிறந்தது என்பர். வயர் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?’ என்ற கேள்வியும் இல்லை. அது டைமண்ட் கற்கண்டா, பனங்கற்கண்டா என்பதில் மட்டும் இரு கட்சிகள் உள்ளன; இரு கட்சியாரும் ஒரே பந்தியில் உட்காருவதில்லை (செல்போன் கடைக்காரர், டீக்குப்பின் திருத்திய வாய்மொழி; மூலத்தில் ‘கற்கண்டு’ இல்லை, ‘மிட்டாய்’ என்றே உள்ளது).

படவியல். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 தொடங்கி, புதிய ஐபேடுகள் எடுக்கும் படம் ஹெச்இஐசி ஆகிவிட்டது. பழைய விண்டோஸுக்கு அது திறக்காது. இவ்வியல் முற்றிற்று.

பாட்டுக்கு வருவோம். ஐடியூன்ஸ் வழியே ஒரு கம்ப்யூட்டரின் லைப்ரரியோடு சேர்ந்த ஐபேட், இன்னொன்றோடு சேரப் போனால் பழைய பாட்டையெல்லாம் அழித்துவிட்டுத்தான் சேரும். வள்ளி, தெய்வானை இருவரோடும் இசைந்து வாழும் தெய்வத்தின் அடிவாரத்தில் இப்படி ஒரு பிடிவாதம். இவ்வூரே ஒருமுறை இடம்பெயர்ந்திருக்கிறது. ம.பொ.சி. முதலியோர் போராடி, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. மலையும் குளமும் படிக்கட்டும் அப்படியே வந்தன. ஒரு படிகூட அழியவில்லை.

இனி, அறிஞர் உலகம் பிளவுபட்டு நிற்கும் சிக்கல். ஆடியோ சிடியில் பெரும்பாலும் பாட்டு மட்டுமே இருக்கும். பாடியவர் பேர் இருக்காது. கம்ப்யூட்டர் அதை இன்டர்நெட்டில் தேடி நிரப்பிக்கொள்ளும். நெட் இல்லாத வேளையில் காப்பி செய்தால் பாட்டுக்குப் பேர் ‘ட்ராக் 1’, பாடியவர் ‘அன்நோன் ஆர்ட்டிஸ்ட்’. லேப்டாப்பில் ஃபோல்டர் பேரைப் பார்த்துச் சமாளிக்கலாம். ஐபேடின் பாட்டுப்பெட்டியோ ஃபோல்டரைக் கண்டுகொள்ளாது. பாடியவர் பேரை வைத்தே அடுக்கும். சூலமங்கலம் சகோதரிகள், டி.எம்.எஸ்., சீர்காழி, எல்லைக்கு அப்பாலிருந்து கண்டசாலா எல்லாரும் ஒரே பேரின்கீழ் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அன்நோன் ஆர்ட்டிஸ்ட் ஒருவரே என்பது ஒருமைக் கட்சி. ஆண் குரலிலும் பெண் குரலிலும், தமிழிலும் தெலுங்கிலும், இடையிடையே நாதஸ்வரத்திலும் அவர் பாடியிருப்பது புலமையைக் காட்டுமேயன்றிப் பன்மையைக் காட்டாது என்பர். பன்மைக் கட்சியார் ஔவையாரைச் சான்றுக்கு அழைக்கின்றனர். சங்கப் பாடல் ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு என்றால், கவசம் பாடிய ட்ராக் 1 வேறு, கல்யாண வீட்டு ட்ராக் 1 வேறு ஆகாதா? (கடைக்காரரின் மைத்துனர், நகரியிலிருந்து தெலுங்கில் போனில் சொன்னது, தமிழாக்கம் அத்தை, ஒப்புநோக்கியவர் அத்தையின் மருமகள், அத்தை ஏற்காத திருத்தங்கள் அடுப்படியில் தனியே கிடைக்கும்.) ‘பாட்டைப் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடுமே’ என்று எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் சொன்னது முறையியல் அற்றது எனத் தள்ளப்பட்டது. மூலத்தைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் வழக்கம் நம் துறையில் இல்லை.

கவிஞரின் காலம்? தேதி தொலைத்த சில ஃபைல்கள் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டுகின்றன. யூனிக்ஸ் வழிவந்த கருவிகள் அன்றைய கிரீன்விச் நள்ளிரவிலிருந்து நொடிகளை எண்ணுபவை. நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முந்தியது. எண்ணிக்கை பூஜ்யமானால் இந்த நேரம்தான் தெரியும். இது கம்ப்யூட்டர்காரர் சொல்லும் விளக்கம். எளிதில் புரிவதால் ஏற்பதற்கில்லை. கவிஞர் சுப்ரபாத வேளையில் மட்டுமே பாடியவர் என்பதே ஆய்வு முடிவு. சில பென்டிரைவ்களில் 1980 ஜனவரி 1 என்று இருக்கிறது. அது இடைச்செருகல் என்கிறது முற்காலக் கட்சி, 1970தான் இடைச்செருகல் என்கிறது பிற்காலக் கட்சி (மேற்படி மைத்துனர், இரண்டாம் அழைப்பு, ரயில் சத்தத்தில் சிதைந்த பகுதிகளை, அந்த ரயிலிலேயே அரக்கோணம் போய்க்கொண்டிருந்த சகலை ஊகித்து நிரப்பியது, அவ்வூகத்தின் மீது அவர் மனைவி எழுப்பிய ஆட்சேபம் நிலுவையில் உள்ளது).

ஆனால் நாள் ஜனவரி 1 என்பதில் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டிசம்பர் 31 அன்று படித்திருவிழா. 365 படிக்கும் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு அடியார்கள் மலையேறுவார்கள். மறுநாள் காலை 5.30க்கு ஊரில் கூட்டத்துக்குக் குறைவிராது. அன்நோன் ஆர்ட்டிஸ்டின் பிறந்தநாளை அப்போதே கொண்டாடிவிடலாம், பந்தல் செலவும் மிச்சம் என்பது இவ்வாய்வாளனின் பரிந்துரை. உருவப்படம் கிடைக்கவில்லை, பாட்டுப்பெட்டி அவர் பேருக்குமேல் காட்டும் சாம்பல்நிற இசைக்குறியைப் பெரிதாக்கி மாலை போடலாம்.

இக்கட்டுரை நெறியாளரின் டேப்லெட்டில் திறக்கவில்லை. ஆயினும் வரிக்கு வரி படித்துப் பார்த்ததாகச் சான்றளித்துக் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறார்.