ரத்தக்காட்டேரிக் கதைக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

உங்களிடம் திறமை இருக்கிறது. முறைதான் இல்லை. அதைச் சரிசெய்து விடலாம்.

பயிற்சிக்கு ஒரு சின்னக் கதையை எடுத்துக்கொள்வோம். ஜான் பாலிடோரி எழுதிய 'தி வாம்பயர்'. 1819 ஏப்ரல் 1 அன்று லண்டனில் 'நியூ மன்த்லி மேகசின்' இதழில் வந்தது. கிராமத்து இடுகாட்டில் திரிந்த ரத்தக்காட்டேரியை நல்ல கோட்டுப் போட்ட பிரபுவாக்கி, லண்டன் விருந்துகளில் உலவ விட்ட கதை. ஒரே மாலையில் படித்துவிடலாம். படிப்பது கட்டாயமில்லை.

1. முடிவை முதல் வரியிலேயே போட்டு உடையுங்கள். "கடைசியில் கதாநாயகன் ஆப்ரேயின் தங்கையைக் கட்டிக்கொண்டு, அவள் ரத்தத்தையும் குடித்துவிட்டு, ரூத்வென் பிரபு தப்பித்துவிடுகிறான். மற்றபடி நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்." அதோடு, "இரண்டாவது பக்கத்திலேயே ஊகித்துவிட்டேன்" என்று சேர்ப்பது நல்லது. ஊகித்த பிறகும் ஏன் கடைசிவரை படித்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

2. கதைக்கு முன்னால் பெயரைப் பாருங்கள். இதுதான் பயிற்சியின் உயிர்நாடி, நிதானமாகக் கவனியுங்கள். அந்த இதழ் இதைப் புகழ்பெற்ற கவிஞர் பைரன் பிரபு எழுதிய கதை என்றே அச்சிட்டது. ஐரோப்பா சொக்கிப்போனது. பைரன் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்று ஜெர்மனியில் கவிஞர் கதே சொன்னதாகச் சொல்வார்கள். பிறகுதான் தெரிந்தது, எழுதியவர் பைரனிடம் மருத்துவராக வேலை பார்த்த இளைஞர் என்று. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில், பைரன் தொடங்கிக் கைவிட்ட ஒரு கதையிலிருந்து கருவை எடுத்து எழுதியபோது அவருக்கு வயது இருபது. பைரனே இது தன்னுடையதல்ல என்று கடிதம் எழுதினார். இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்? கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆகவே மாற வேண்டியது நீங்கள்தான். நேற்று 'செறிவு' என்றதை இன்று 'அவசரம்' என்று சொல்லுங்கள். 'மர்மம்' என்றதை 'குழப்பம்' ஆக்குங்கள். மனம் ஒப்பவில்லையா, "பைரன் தன்னடக்கத்தால் மறுக்கிறார்" என்று அடித்துப் பேசுங்கள்.

3. பயப்படாதீர்கள். அதற்குச் சூழலை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். பகல் பன்னிரண்டு மணி, தலைக்கு மேல் ஃபேன், பக்கத்து அறையில் டிவி, கையில் முறுக்கு. கிரீஸ் நாட்டுக் காட்டில், இருண்ட குடிசையில், ஆப்ரே நேசித்த பெண் கழுத்தில் பல் தடத்தோடு கிடக்கும் இடம் வரும்போது எழுந்து போய்க் குக்கர் விசில் எத்தனை என்று கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு எழுதுங்கள்: "பயமே வரல. எங்க ஆயா சொன்ன புளியமரத்து முனி கதைக்கு முன்னாடி இதெல்லாம் ஜுஜுபி." ஆயா அந்தக் கதையைச் சொன்னபோது கரண்ட் இல்லை, உங்களுக்கு ஆறு வயது என்பதையெல்லாம் எழுத வேண்டாம்.

4. 'டிராகுலா'வைக் காப்பியடித்தது என்று குற்றம் சாட்டுங்கள். 'டிராகுலா' வந்தது 1897இல், அதாவது 78 வருஷம் கழித்து. அது பாலிடோரியின் பிரச்சினை.

5. சட்டம் பேசுங்கள். இந்த ரூத்வென் பூண்டுக்கு அஞ்சுவதில்லை. பகலிலும் நடமாடுகிறான். செத்தவன் மேல் நிலா வெளிச்சம் பட்டால் மறுபடி எழுந்துவிடுகிறான். "வெயில் பட்டா சாம்பலாகணுமே, லாஜிக் இடிக்குதே!" என்று மடக்குங்கள். வெயிலில் காட்டேரி அழியும் என்பது 1922இல் வந்த 'நாஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படம் பரப்பிய வழக்கம். சட்டம் பின்னால் வந்தாலும் குற்றம் குற்றமே.

6. "நானாயிருந்தால்" என்று தொடங்குங்கள். சாகப்போகும் ரூத்வென், தன் சாவையும் தன் குற்றங்களையும் ஓராண்டும் ஒரு நாளும் வெளியே சொல்லக் கூடாது என்று ஆப்ரேயிடம் சத்தியம் வாங்குகிறான். லண்டன் திரும்பினால் செத்தவன் விருந்தில் நிற்கிறான், அடுத்துத் தங்கைக்கு மாப்பிள்ளையாகவும் வருகிறான். கொடுத்த வாக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்த, ஆப்ரே பைத்தியம் பிடித்தவன்போல் ஆகிறான். இங்கேதான் நீங்கள் நுழைகிறீர்கள். "சத்தியமாவது சர்க்கரைப் பொங்கலாவது! நானாயிருந்தா நேரா போலீஸ்." அந்தக் காலத்து லண்டனில் இன்றைய போலீஸ் இல்லை (1829இல்தான் வந்தது), இருந்தாலும் சொல்லுங்கள். கதாநாயகர்கள் எல்லாரும் உங்களைப் போலப் புத்திசாலியாக இருந்திருந்தால் பேய்க்கதை என்று ஒன்றே இருந்திருக்காது. மேஜைக்கடியில் மறைத்துப் படிக்கிற வேலையும் மிச்சம்.

7. "சட்டுனு முடிஞ்சிருச்சு, நாவலா எழுதியிருக்கலாம்" என்று ஆலோசனை கூறுங்கள். பலன் உண்டு. 1820இல் பிரான்சில் சிப்ரியன் பெரார் ரூத்வெனை வைத்து இரண்டு பாகம் எழுதிவிட்டார். அது கைக்கு வந்ததும் "இழுவை" என்று சொல்லுங்கள்.

8. ஊரை மாற்றச் சொல்லுங்கள். கதை கிரீஸில் நடந்தால் என்ன, உங்களிடம் இருக்கிற துணிமணிக்கு ஏற்றதாக இல்லையே! அதே 1820இல் லண்டன் லைசியம் அரங்கில் இதை நாடகமாக்கியவர் பிளான்ஷே. அரங்கின் முதலாளி, காட்டேரி நம்பிக்கையே இல்லாத ஸ்காட்லாந்தில்தான் கதை நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். காரணம், ஸ்காட்லாந்து உடுப்பு அவரிடம் நிறைய இருந்தது. கருத்து என்றால் இப்படி இருக்க வேண்டும்: கையிருப்பிலிருந்து வர வேண்டும்.

9. ரூத்வென் 'உண்மையில் யார்' என்று துப்பறியுங்கள். ரொம்பச் சுலபம். பைரனோடு பழகிப் பிரிந்த கரோலின் லாம்ப், 1816இல் வெளியிட்ட நாவலில் பைரன் சாயலில் வரும் பிரபுவுக்கு ரூத்வென் என்றே பெயர் வைத்திருந்தார். அதைக் கண்டுபிடித்ததும் கதையை மூடிவிடலாம். இனி அது கதையல்ல, எசமான் மேல் வேலைக்காரன் எழுதிய மொட்டைக் கடுதாசி.

10. எழுதியவர் செத்த பிறகு பேசுங்கள். முடிந்தால் அவருடைய வேறொரு கதையைப் பற்றிப் பேசுங்கள். பாலிடோரி 1821இல், 25 வயதில் இறந்துபோனார். அதே ஏரிக்கரையில் கூட இருந்த மேரி ஷெல்லி, பத்து வருஷம் கழித்து 'ஃபிராங்கன்ஸ்டைன்' புதுப்பதிப்பின் முன்னுரையில் அவரை நினைவுகூர்ந்தார். ஏரிக்கரையில் அவர் தொடங்கிய கதையில் சாவித்துவாரம் வழியாக எட்டிப் பார்த்ததற்காக மண்டையோட்டுத் தலை வாய்த்த ஒரு பெண், அவளை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் பாவம் பாலிடோரி திண்டாடினாராம். தான் தொடங்கியது வேறு கதை என்று பாலிடோரி 1819லேயே அச்சில் சொல்லியிருந்தார். அதை யார் படித்தார்கள்? பாலிடோரியைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் அந்தச் சாவித்துவாரத்தைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை. நானும் இப்போது சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா? இந்த மாதிரி ஒன்று உங்களிடமிருந்து வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.