வைஃபை தாசில்தார்

முப்பது முப்பத்தைந்து வருஷம் கோப்புகளுக்கு எண் கொடுத்தே பழகிப்போன கை, பென்ஷன் உத்தரவு வந்த மறுநாளே மடியில் சும்மா கிடக்கச் சம்மதிப்பதில்லை. முன்பெல்லாம் இத்தகைய பெரியவர்கள் கோயில் கமிட்டியிலோ குடியிருப்போர் சங்கத்திலோ பிரவேசித்து, அங்குள்ள வரவு செலவுகளைத் திருத்திக் காலங்கழித்து வந்தார்கள். இப்போதோ வீட்டுக்கு வீடு ஃபைபர் இணைப்பும், கூடத்துச் சுவரில் பச்சை விளக்குகள் மினுக்கும் சிறு பெட்டியும் வந்து சேர்ந்துவிட்டபடியால், அவர்களுடைய பரிபாலனத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு தாலுகா கிடைத்துவிட்டது. நங்கநல்லூரிலோ அம்பத்தூரிலோ எந்த அடுக்குமாடிக் கட்டடத்தை எடுத்துக்கொண்டாலும், மாடிக்கு ஒருவராவது இந்த ரகத்தில் அகப்படுவார். நான் அவரை வைஃபை தாசில்தார் என்று அழைப்பது வழக்கம்.

அவரை விஷயம் தெரியாதவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இன்றும் பரவலாகப் புழங்கும் ஐ.பி. விலாச முறை 1981-ல் வகுக்கப்பட்டதென்பதையும், அது 32 பிட் அளவுள்ளதாகையால் உலகம் முழுவதற்குமே ஏறக்குறைய 429 கோடி எண்கள்தாம் உண்டென்பதையும், மத்தியக் கையிருப்பின் கடைசிப் பகுதியும் 2011 பிப்ரவரியில் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டதென்பதையும் அவர் காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிப்பார். 192.168 என்று தொடங்கும் எண்கள் 1996-ல் வந்த ஏற்பாட்டின்படி உள்வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை என்பதும், அதனால்தான் நம் வீட்டு டி.வி.க்கும் எதிர்வீட்டு டி.வி.க்கும் ஒரே எண் இருந்தாலும் தகராறு இல்லை என்பதும், ஒரே வீட்டுக்குள் இரண்டு கருவிகள் ஒரே எண்ணுக்குப் பாத்தியம் கொண்டாடினால்தான் விபரீதம் என்பதும் அவருக்கு மனப்பாடம். இவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. அவரிடமுள்ள ஆபத்தே அதுதான்.

ரவுட்டர் என்னும் அந்தப் பெட்டி, தன்னை நாடி வரும் ஒவ்வொரு கருவிக்கும் காலியாயிருக்கும் எண்ணொன்றைக் குறித்த காலத்துக்குக் குத்தகையாகக் கொடுத்து, தவணை தீர்ந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளும். டி.ஹெச்.சி.பி. என்று பெயருள்ள இந்த ஏற்பாடு தாசில்தாருக்கு அறவே பிடிப்பதில்லை. சமையலறை டேப்லெட்டுக்கு நேற்று ஓர் எண், இன்று வேறோர் எண் என்றால் நிர்வாகம் என்னாவது? ஆகவே அவர் நீளமான கணக்கு நோட்டொன்றை எடுத்து, ஸ்கேலை வைத்துப் பத்தி பிரித்து, ‘வரிசை எண், உபகரணம், உபயோகிப்பவர், விலாசம்’ என்று சிவப்பு மையில் தலைப்பிட்டு, தம் மடிக்கணினிக்குப் பத்து, மனைவியின் டேப்லெட்டுக்குப் பதினொன்று, மகனின் போனுக்குப் பன்னிரண்டு, பிரிண்டருக்கு இருபத்தைந்து என்று நிரந்தரப் பட்டா வழங்கி, ஒவ்வொன்றின் செட்டிங்ஸிலும் தம் கையாலேயே அதைப் பதித்து, நோட்டில் சுருக்கொப்பமும் வைத்துவிடுவார். பட்டா வழங்கிய சமாசாரத்தை ரவுட்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று மட்டும் அவருக்குத் தோன்றுவதில்லை. கீழ் உத்தியோகஸ்தனுக்கு மேலதிகாரி விளக்கம் சொன்னதாக எந்த ஆபீஸில் சரித்திரம் உண்டு?

ரவுட்டருக்கோ 2 முதல் 254 வரை அத்தனையும் தன் ஆதீனத்திலுள்ள புறம்போக்கு. இரவில் பிரிண்டர் அணைந்து கிடக்கும் சமயம் பார்த்து, இருபத்தைந்து காலியென்று கருதி, அதை மருமகளின் ஆபீஸ் லேப்டாப்புக்கு மனப்பூர்வமாகத் தத்தம் செய்துவிடுகிறது. கம்பெனிக்காரர்கள் பூட்டி வைத்திருப்பதால் தாசில்தாரின் கை படாமல் தப்பித்த உபகரணம் அந்த லேப்டாப். மறுநாள் காலை பத்தரை மணிக்கு, மின் கட்டண ரசீதைக் காகிதத்தில் கண்ணால் கண்டாலொழிய பணம் கட்டியதாகவே நம்பாத நம் பெரியவர், பிரிண்டரின் பொத்தானை அழுத்துகிறார். பிரிண்டர் கண் விழித்து, இருபத்தைந்து தானேயென்று வீடு முழுவதற்கும் பிரகடனம் செய்கிறது. லேப்டாப்பும் அவ்வாறே சாதிக்கிறது. ரவுட்டர் கடைசியாகக் குரல் கொடுத்தவர் பக்கம் சாய்ந்து, சற்று நேரம் இங்கும் சற்று நேரம் அங்குமாகச் செய்திகளைத் திருப்பிவிடுகிறது. ரசீது வராமலே பிரிண்டர் முனகிக்கொண்டிருக்க, உள் அறையில் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த மருமகள், திறந்த வாய் திறந்தபடி பிறர் திரைகளில் உறைந்து நிற்கிறாள்.

“மாமா, பிரிண்டர் போட்டீங்களா?”

“போட்டேம்மா. ஏன்?”

“நீங்க பிரிண்டர் போட்டாலே எனக்கு நெட் கட் ஆயிடுது.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? பிரிண்டர் இருபத்தஞ்சு. நோட்டுல இருக்கு பாரு.”

மருமகளின் அனுமானம் நூற்றுக்கு நூறு சரி. லேப்டாப்பின் மூலையில் ஐ.பி. முகவரி மோதல் என்ற எச்சரிக்கைகூட எழும்புகிறது. ஆனால் நோட்டில் இரண்டு இருபத்தைந்து இல்லாதபோது வீட்டில் மட்டும் எப்படி இருக்க முடியும் என்பது அவருடைய கட்சி. எனவே சகல வியாதிக்கும் அவர் வைத்திருக்கும் ஒரே சிகிச்சையாக ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுகிறார். பல ரவுட்டர்களுக்கு மூர்ச்சை தெளிந்தால் முன்பு யாருக்கு எதைக் கொடுத்தோமென்பது நினைவிருக்காது. புதிதாகக் கொடுக்கத் தொடங்கிவிடும். மருமகளுக்கு வேறு எண் கிடைத்து மீட்டிங் உயிர் பெறும். அந்த நேரத்தில் அணைந்திருந்த டேப்லெட்டின் பதினொன்று டி.வி.க்குப் போய்விட, சாயங்காலம் மாமியாரின் சீரியல் நடுவில் சுழல ஆரம்பிக்கும். மொட்டைமாடி அறைக்கென்று பழைய ரவுட்டர் ஒன்றைத் தூசி தட்டி அவர் மாட்டியதையும், அதுவும் தன் பங்குக்கு எண்களை வாரி வழங்கியதையும் வர்ணிக்க எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் ஃபைபர் கம்பெனிப் பையன் ஒருவன் வருகிறான். தோள் பையைக்கூட இறக்காமல் போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “சார், இதுல யாரு ஸ்டாட்டிக் போட்டது?” என்று அவன் கேட்கும்போது வீட்டார் அனைவரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். ரவுட்டர் 100 முதல் 199 வரைதான் வழங்கலாமென்று எல்லை கட்டிவிட்டு, “நூறுக்குக் கீழ உங்களுது சார், இனிமே இடிக்காது” என்கிறான் அவன். தம்மைக் குற்றவாளியாக்க வந்தவன் தமக்குத் தனி ஜில்லாவே அளந்து கொடுத்துவிட்டானென்று பெரியவர் குளிர்ந்து போகிறார். அத்துடன் அவன் போயிருந்தால் தேவலை. கருவியில் கை வைக்காமல், அதன் மேக் அட்ரஸ் என்னும் பிறவி அடையாளத்தை ரவுட்டரிலேயே பதிந்து எண்ணை ஒதுக்கும் வழியும் உண்டென்று வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போகிறான்.

அன்றிரவே நோட்டில் ஐந்தாவது பத்தி உதயமாகிறது. பேரனின் போனை வாங்கி அவர் மேக் அட்ரஸைப் பதிந்தால், வீட்டின் ஒரு வைஃபை பெயருக்கு ஒன்றும், 5ஜி என்று வால் வைத்த மற்றொரு பெயருக்கு வேறொன்றும் காட்டுகிறது. ஆண்ட்ராய்டு போன்கள் 2019 முதலும் ஐபோன்கள் 2020 முதலும், பின்தொடர்பவர்களை ஏமாற்றுவதற்காக, வலைக்கு வலை புனைவிலாசம் பூணும் வித்தையைக் கற்றுவிட்டன. தாசில்தார் இதை நேர்மைக் குறைவு என்று கருதி, அடிக்குறிப்பாக எழுதி வைக்கிறார்.

இதனால் கஷ்டப்படுகிறவர்கள் விருந்தாளிகள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த தம்பி முறைக்காரர் ஒருவர், சம்பிரதாயத்துக்குப் பாஸ்வேர்டு கேட்டுவிட்டால் போதும்.

“கொடுக்கறேன்ப்பா. முதல்ல போன்ல செட்டிங்ஸ் திற. மேக் அட்ரஸ் பதிஞ்சுக்கணும்.”

“வேண்டாண்ணா, நான் டேட்டாலயே பாத்துக்கறேன்.”

“அது எப்படி? வீட்டுக்கு வந்துட்டு டேட்டாவா?” என்று உபசரித்தபடியே பெரியவர் எழுந்து போய் ஸ்கேலைத் தேடுகிறார்.